அளவு நோட்டு

ஆறு வருஷத்துக்கு முன்
நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார்.
ரவிக்கையின் இடப்பக்கம், உள்ளே,
ஒரு பை வைத்துத் தைக்கச் சொன்னார்.
எவ்வளவு ஆழம் என்றேன்.
கைக்குட்டையை நாலாக மடித்துக் காட்டினார்.
வேறெதுவும் நான் கேட்கவில்லை.
பைக்குக் கூலியும் வாங்கவில்லை.
அதைப் பெருந்தன்மை என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

இந்த ஆனியில் எனக்கு.
வலது. அக்குளை ஒட்டி, மேலே.
குளிக்கையில் சோப்பு வழுக்காத ஓரிடம்.
ரெண்டரை சென்டிமீட்டர் என்றது ஸ்கேன்.
டேப்பில் ஒரே ஒரு இன்ச்.
ஒரு கொக்கிக்கும் அடுத்த கொக்கிக்கும்
நடுவே நான் விடும் தூரம்.

புதுச்சேரி பஸ் ஆல்பேட்டைப் பாலத்தில் ஊர்ந்தது.
கீழே பெண்ணையாற்றில்
மணல் அள்ளிய குழிகள்.
ஒன்றில் மட்டும் தண்ணீர், அதில் ஒரு எருமை.
தணிகாசலம் என் பையை
மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்,
பறித்துக்கொள்ள யாரோ வருவதுபோல.

"முழுசா எடுக்க வேணாம்" என்றார் டாக்டர் மெர்லின்.
"கட்டியும், சுத்தி கொஞ்சம் நல்ல சதையும்.
மிச்சம் உங்களோடதே."
எடுத்த இடம்?
"பள்ளம் விழும். நிரப்பலாம்."
எதை வெச்சு?

இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்தார்.
வெள்ளை. விரல் தானாகத் தேய்த்துப் பார்த்தது.
பின்னல்தான். பாவு கிடையாது, ஊடை கிடையாது.
இழுத்தால் நாலு பக்கமும் கொடுத்தது.
"செடியோட நார், பக்குவம் பண்ணினது.
கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும்.
அது கரையக் கரைய
உங்க உடம்பே சதை கட்டிக்கும்."
கட்டலேன்னா?
அவர் உடனே பதில் சொல்லவில்லை.
அதனால்தான் நம்பினேன்.
"சிலருக்கு நீர் கோத்துக்கும்.
சிலருக்குக் கெட்டியா நிக்கும்.
பாப்போம்."

காப்பீட்டு அட்டை அதற்கு மட்டும் செல்லாதாம்.
ஓவர்லாக் மிஷினுக்குச் சேர்த்த பணம் இருந்தது.
இந்த வயசுல யாரு பாக்கப் போறா
என்றாள் நாத்தனார்.
நான் பார்ப்பேன் என்றேன்.

பிறகு கதிர் வைக்கும் அறை.
ஒரு சின்னப்பெண் மார்க்கரால்
என் மேல் கோடு போட்டாள்.
முப்பது வருஷம் சாக்கட்டி என் கையில் இருந்தது.
அசையாதீங்க அக்கா என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
கோடு லேசாகக் கோணல். சொல்லவில்லை.
அவள் கை குளிர்ந்திருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
ரெண்டு பக்கமும் ஒன்றாக இருந்த ஒருத்தியை
இதுவரை நான் அளந்ததில்லை.
கல்யாணப் பெண்ணுக்கு இடது கால் இன்ச் கூட.
கலெக்டர் ஆபீஸ் அம்மாவுக்கு வலது இறக்கம்.
தையலில் சரிக்கட்டி அனுப்பிவிடுவேன்.
அவர்கள் கண்ணாடி பார்த்துச் சிரிப்பார்கள்.

கார்த்திகை வெள்ளம்
எருமை நின்ற குழியை மூடிவிட்டு
பத்தடி தள்ளி இன்னொன்றைத் தோண்டியிருந்தது.
என் படத்திலும் ஒரு நிழல்.
வயிறு கலங்கிவிட்டது.
"அது நோய் இல்ல, நாங்க வெச்சது" என்றார் டாக்டர்.
ஒவ்வொரு படத்துக்கும்
இனி ஒருமுறை கலங்குவேன்.

தையில் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு
என்னை நானே அளந்தேன்.
வலது அரை இன்ச் குறைவு.
தொட்டால் உள்ளே ஏதோ மெத்தென்று,
முழுக்க என்னுடையதும் இல்லை,
முழுக்க அந்நியமும் இல்லை.
என் பக்கத்தில் பழைய எண்கள் பேனாவில்.
புதியதைப் பென்சிலால் எழுதினேன்.
அது இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது.

பின்னால் புரட்டினேன்.
ரஹமத்துன்னிசா டீச்சர், நெல்லிக்குப்பம்.
இடது: பை.
அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
கீழே ஒரு போன் நம்பர்.

மணி போகிறது.
எடுத்தால் முதலில் என்ன கேட்பது?
டீச்சர், அன்னிக்கு
அளவு ஒண்ணு கேக்காம விட்டுட்டேன்.