சாய்வு

தோசை தெற்கே ஓடினால்
பின் டயருக்கு ஒரு கட்டை.
கிழக்கே ஓடினால் ஒன்றும் செய்வதற்கில்லை,
எண்ணூர் விரைவுச் சாலையே அப்படித்தான்.
கன்டெய்னர் லாரிகள் நின்று நின்று
தார் கடல் பக்கமாய்ப் பிதுங்கியிருக்கிறது.
ரசமட்டம் ஒன்று வாங்கலாம் என்கிறான் கஜபதி.
தோசைக்கல் இருக்க எதற்கு?

வாடகை வீட்டுக்குப் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார்கள்.
அந்தக் காசுக்கு
பழைய பள்ளிக்கூட வேன் ஒன்று வந்தது,
நாலு டயரும் கூரையுமாக.
மஞ்சளின் மேல் வெள்ளை அடித்தோம்.
உப்புக்காற்று வெள்ளையை உரிக்க உரிக்க
‘வித்யால’ வரைக்கும் வெளியே வந்துவிட்டது.
காலையில் சில பிள்ளைகள்
கை காட்டி நிறுத்தப் பார்க்கிறார்கள்,
நிற்கிற வண்டியை.

விடிந்ததும் கூரையேறி
சோலார் பலகையைத் துடைக்க வேண்டும்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
ஈரத்துணி பட்டால் சேறு, உலர்துணி பட்டால் கீறல்.
முதலில் ஊதணும்,
கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல்.
துடைக்காத நாளில்
ராத்திரி விளக்கா விசிறியா என்று ஏலம் நடக்கும்.
எப்போதும் விசிறிதான் ஜெயிக்கும்.
இருட்டில் கொசு தெரியாது, கடிக்கும்; அவ்வளவுதான்.

டோல்கேட் முனையில் ஆறரைக்குத் தண்ணீர் லாரி.
பச்சைக் குடம் உலைக்கு,
நீலக் குடம் மற்றதுக்கு.
அவன் ஒருநாள் நீலத்திலிருந்து எடுத்து உலை வைத்தான்.
அன்று முழுக்க நாங்கள் பேசவில்லை.
பதினாறு அடிக்குள் பேசாமல் இருப்பது
லேசான வேலை இல்லை,
திரும்பினால் முழங்கை பேசிவிடும்.

கேஸ் ஆபீசில் விலாசம் கேட்டாள் ஒருத்தி.
வண்டி நம்பரைச் சொன்னேன்.
“கதவு எண் சொல்லுங்கம்மா.”
மூன்று கதவு,
டிக்கியையும் சேர்த்தால் நாலு.

இந்த வாரம் எஃப்.சி.
வீட்டை ஓட்டிப்போய்க் காட்டி
இது ஓடும் என்று எழுதி வாங்க வேண்டும்.
சிலிண்டரைக் கயிற்றால் கட்டினேன்,
தட்டுகளுக்கு நடுவே துண்டு,
மாவுப் பாத்திரம் என் மடியில்.
கிளம்பும்போது பல்லி சொல்லிற்று.
எந்தத் திசை என்று பலன் பார்க்க முடியவில்லை,
வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

ஹாரன் அடித்தது, பிரேக் பிடித்தது.
வைப்பரைப் போடச் சொன்னார் அதிகாரி.
அதில் காயப்போட்ட என் ரவிக்கை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.
அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.
கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தார்.
கட்டிலுக்கடியில் தகடு அப்பளமாய் நொறுங்கிற்று.
“எங்க தங்கியிருக்கீங்க?”
கஜபதி என்னைப் பார்த்தான்.
“இன்னிக்கா சார்?” என்றேன்.

ஒட்டுப் போட்டு வரப் பதினைந்து நாள் கெடு.
வெல்டிங்காரரிடம் கேட்டால்
சாமானையெல்லாம் இறக்கிவிட்டு வா என்கிறார்.
எங்கே இறக்குவது?

திரும்பி வந்தால்
எங்கள் இடத்தில் இருபத்திரண்டு சக்கர டிரெய்லர்,
கீழே நிழலில் டிரைவர் வெங்காயம் உரிக்கிறார்.
நகரச் சொல்ல எங்களுக்கு என்ன பட்டாவா இருக்கிறது?
இடம் தேடி இடம் தேடி
மணலி போகிற ரோட்டில்
மூடிக்கிடந்த எடைமேடை பக்கம் நிறுத்தினோம்.
கந்தக வாடை. தெருவிளக்கு ஒன்று, அதுவும் கண் சிமிட்டியது.

மடியில் புளித்திருந்த மாவை எடுத்து
ஒரு கரண்டி ஊற்றினேன்.
எந்தப் பக்கமும் ஓடவில்லை,
விழுந்த இடத்திலேயே வட்டமாய் நின்றது.
கையில் கட்டையோடு
கீழே நின்றுகொண்டிருந்தான் அவன்.
“எந்த டயரு?”

இரு,
இன்னொன்று ஊற்றிப் பார்க்கிறேன்.