விலகிய புள்ளிகள்

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையெல்லாம் எப்போதோ
தெருவுக்கடியில் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள்.
போலந்தின் நடுவே, தண்ணீர் தெரியாத வூச் நகரத்தில்
பத்தொன்பது வருஷமாக
டிராம் ஓட்டுகிறேன்.

சனி, ஞாயிறு மட்டும் மாணவி.
கணினி அறிவியலில் முதுநிலை, இரண்டாம் ஆண்டு.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது
வகுப்பில் பாதிப்பேருக்குப் பால்பல் விழுந்திருக்காது.
கயெத்தான் என்கிற பையன் முதல் நாள்
என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்,
பாடம் நடத்த வந்தவள் என்று.
உட்காரப்பா,
நானும் பேனா மறந்தவள்தான் என்றேன்.

மரம் என்றார்கள். வேர் மேலே, இலை கீழே.
சிரித்துவிட்டேன்.
எனக்குத் தெரிந்த மரமெல்லாம் அக்டோபரில்
இலையைத் தண்டவாளத்தில் கொட்டிவிட்டுக்
கை கழுவும்.
சக்கரம் வழுக்கும்,
பெடலை மிதித்து நான் மணல் தூவ வேண்டும்.
மணலுக்கு அந்தப் பாடத்தில் இடமில்லை.

ஒரு நிரல் என்றாவது நிற்குமா, நிற்கவே நிற்காதா,
முன்கூட்டிச் சொல்லப் பொதுவழி எதுவுமில்லையாம்.
இதை நிரூபித்த பலகையைப் பார்த்தபடியே
இரவுப்பணி முடித்து வந்த நான் தூங்கிப்போனேன்.
கனவில் முப்பத்திரண்டு நிறுத்தம்.
ஒன்றில்கூடக் கதவு திறக்கவில்லை.

ஆய்வேட்டுக்குத் தாமதத்தை எடுத்துக்கொண்டேன்.
டிப்போவில் கெஞ்சி வாங்கிய
நான்கு வருஷத்துப் பதிவு. எட்டு லட்சம் வரி.
எந்த வண்டி, எந்த நிறுத்தம், எத்தனை விநாடி.
ஓட்டுநர் பெயர்களை அழித்துக் கொடுத்தார்கள்.

சமையலறை மேஜையில் லேப்டாப்,
பக்கத்தில் ஆறிப்போன பீட்ரூட் சூப்.
மாடல் கற்றுக்கொண்டது
பனியை, மழையை, பள்ளி விடும் நேரத்தை,
கால்பந்தில் தோற்ற இரவுகளை.
ஒன்றை மட்டும் கற்க மறுத்தது:
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வியாழக்கிழமை,
காலை ஆறு நாற்பத்தொன்று,
பழைய நூற்பாலை நிறுத்தம்.
நூற்றுப்பத்து விநாடி.
வரைபடத்தில் கூட்டத்தை விட்டு மேலே
தனியாக நின்றன அந்தப் புள்ளிகள்,
குடை கொண்டுவராதவர்களைப் போல.

வழிகாட்டி முனைவர் ஸ்த்ருகால்ஸ்கி
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"வெறும் இரைச்சல். நீக்கிவிடுங்கள்.
கருவி பழுதாக இருக்கும்."

கருவி பழுதில்லை.
கருவி நான்தான்.

அந்த நேரத்தில் ஒருவர்
மூன்றுகால் நாயோடு தெருவைக் கடந்து வருவார்.
கடவையின் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றையும்
நாய் முகர்ந்தாக வேண்டும்.
அவர் இழுக்க மாட்டார்.
நான் கதவை மூட மாட்டேன்.
இதற்குமேல் எங்களுக்குள் ஒன்றுமில்லை,
பெயர்கூடத் தெரியாது.

நீக்கினேன்.
தொண்ணூற்றொரு வரி. ஒரே கட்டளை.
துல்லியம் நான்காம் தசமத்தில் ஒன்று கூடியது.
முனைவருக்குத் திருப்தி.
"காரணம் அறியப்படாத பதிவுகள் விலக்கப்பட்டன"
என்று எழுதிவைத்தேன்.
ஆய்வேட்டிலேயே பொய்யான வரி அது.
அவர் சிவப்பு மை படாமல் தப்பிய வரியும்
அது ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வு வெள்ளிக்கிழமை.
முந்தின நாள் வியாழன்.
ஆறு நாற்பத்தொன்று.
இரவெல்லாம் பனி கொட்டிக் கோடுகளே இல்லை.
எதை முகர்வதென்று தெரியாமல் நாய்
நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி வந்தது.
நூற்றிருபது. நூற்றைம்பது.
பின்னிருக்கையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒருவழியாக ஏறினார்.
நாயை மடியில் வைத்துக்கொண்டு
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
நான்கு வருஷத்தில் முதல்முறையாக
என்னிடம் பேசினார்:
"இந்த வண்டி என்றைக்குமே லேட்."

மணியடித்தேன்.
மணல் தூவி,
மெல்லக் கிளம்பினேன்.