நாற்பத்து மூன்றாம் எண்

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில்
சாமான் பரப்பியாயிற்று.
புதன்கிழமை சிகப்பிக்குக் கல்யாணம்.
பட்டியல் எழுதுவது என் பொறுப்பு.
வங்கியில் வேலை பார்ப்பவள்,
கூட்டல் தப்பாது என்கிறார்கள்.

வெள்ளிக் குடம் ஒன்று, கிராம் கணக்கோடு.
எவர்சில்வர் தூக்கு பதினொன்று.
தீப்பெட்டி ஒரு கட்டு
(அதையும் எழுதுவோம் நாங்கள்,
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்).
பெயர், எண்ணிக்கை, எடை, என்ன உலோகம்.

நாற்பத்து மூன்றில் பேனா நின்றது.
ஒட்டாத தோசைக்கல், மூன்று.
செக்காலை ரோட்டில் வாங்கியது.
அலுமினியம் என்று எழுதினேன்.
அதன்மேல் கறுப்பாய் மினுக்குகிறதே, அது?

அட்டைப்பெட்டியைத் திருப்பினேன்.
விலை இருந்தது, எல்லா வரிகளும் உட்பட.
சிரிக்கும் குடும்பம் ஒன்று இருந்தது.
கட்டணமில்லா எண்ணில் ஒரு பெண்,
மதுரைப் பக்கத்துக் குரல்:
"பூச்சுல என்ன இருக்குன்னு சொல்ல முடியாது மேடம்,
கம்பெனி ரகசியம்.
சட்டப்படி சொல்லணும்னு இல்ல."
கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக,
"எங்க வீட்லயும் அதான் மேடம்" என்றாள்.

பிறகு பரப்பியதெல்லாம் வேறாய்த் தெரிந்தது.
மழைக்கு நனையாத கைப்பை.
கறை பிடிக்காத சோபா விரிப்பு.
அழுதாலும் கரையாத கண்மை.
கழுவிய தண்ணீர் கண்மாய்க்குப் போகும்,
கண்மாயிலிருந்து கெண்டைக்கு,
கெண்டையிலிருந்து குழம்புக்கு.
மக்காதாம்.
பேரன் பேத்தி காலத்திலும் அப்படியே இருக்குமாம்.

இந்தப் பட்டியல் எதற்கென்று
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
ஒத்துவராமல் போனால்
எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்க.
குடம் வரும். தூக்கு வரும்.
தோசைக்கல் கீறல் விழுந்து வரும்.
கீறலில் போனது?
சிகப்பியின் ரத்தத்திலிருந்து அதை
யார் எடுத்துத் தராசில் வைப்பது?

"அலுமினியம்னே போட்டு முடி உமையா,
பந்திக்கு நேரமாச்சு"
கையெழுத்துக்குக் காத்து நின்றார் நாச்சியப்ப அண்ணன்.
'தெரியாது' என்று எழுதினேன்.
உருப்படி மூன்று, தெரியாது.
கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் ஒப்பமிட்டார்.

டில்லியில் ஏதோ வரைவு விதியாம்,
அறுபது நாளுக்குள்
யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாமாம்.
இன்று ஐம்பத்தெட்டு.
அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்,
முகவுரை ஏதுமில்லாமல்.

தோசைக்கற்களைச் சிகப்பியே
மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.
"அந்த மை மட்டும் இருக்கட்டும்,
புதன்கிழமை அழுவேன்ல" என்றாள்.