மூன்றரை லிட்டர்

பேக்கரியிலிருந்து அளவுக்குவளை ஒன்று கொண்டுவந்தேன்,
மாவுக்கும் பாலுக்கும் கோடு போட்டது.
திங்கள் காலை கிண்ணத்தை நிரப்பி
செவ்வாய் காலை மிச்சத்தை அளந்து
மீன் கம்பெனி நாட்காட்டியில் எழுதினேன்:
மூன்றரை லிட்டர்.
இருபது கிலோ நாய்.

அதற்கு முன் எழுதாமல் விட்டவை:
இரவு பதினொன்றுக்கு நக்கும் ஓசை,
ஒன்றரைக்கு நக்கும் ஓசை,
மூன்றுக்கு நான் வேலைக்கு எழுந்தால்
சமையலறைத் தரையில் நனையும் என் காலுறை.
பாக்கெல் சுவரைப் பார்த்து நிற்கும்.
திட்டினேன்.
ஒரு வாரம், இரவானதும் கிண்ணத்தை எடுத்து
அலமாரி மேல் வைத்தேன்.
அது குளியலறைக்குப் போய்
ஒழுகும் குழாயின் கீழ் உட்கார்ந்து
சொட்டுக்குச் சொட்டு வாய் திறந்து காத்திருந்தது.
இதை ஊர்மாஸிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ஊர்மாஸ் பின்லாந்தில் கூரை வேய்கிறான்.
தொலைபேசியில் அவன் குரலுக்குப் பின்னால் காற்று.
"உப்பு மீன் போட்டாயா, லேலோ?"
"பன்னிரண்டு வயசு. அப்படித்தான் இருக்கும்."
"நன்றாகத் தின்கிறதல்லவா, பிறகென்ன?"
தின்றது.
உருளைத்தோல், கருகிய ரொட்டி ஓரம்,
ஒருமுறை வெண்ணெய் சுற்றிய தாள்.
வயிறு பானையாய் இறங்க, தொடை வற்றியது.
விலாவில் முடி கொட்டி, தோல் காகிதமாகி
கீழே நீல நரம்பு தெரிந்தது.
பனி கொட்டும் முற்றத்தில் நின்றுகொண்டு
கோடையில் நிற்பதுபோல் இரைத்தது.

டாக்டர் மாரெத் கூசிக் கேட்டாள்,
விடியலின் முதல் சிறுநீர், பிடித்துவர முடியுமா?
சூப் கரண்டியை நீட்டியபடி
பனியில் அதன் பின்னால் குனிந்து நடந்தேன்.
எதிர்வீட்டு ஐத்தா திரையை விலக்கிப் பார்த்து
மரியாதையாக மூடிக்கொண்டாள்.
அந்தக் கரண்டி இப்போது தனி ஆணியில் தொங்குகிறது.

சர்க்கரை இல்லை.
சிறுநீரகத்தின் மேல் பழி இல்லை.
இன்னொன்று பாக்கி, என்றாள்,
அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும்.

தீவிலிருந்து ஆறு மணிக் கப்பல்.
ஹாப்சாலுவில் ஒன்பதுக்கு ஒரு குழல் ரத்தம்,
உடனே ஓர் ஊசி.
ஒரு மணிக்கு ஒரு குழல். ஐந்துக்கு ஒன்று.
இடையில் ரயில் வராத ரயில் நிலையத்தின்
நீண்ட நடைமேடையில் கடைசிவரை நடந்தேன்,
திரும்பினேன், நடந்தேன்.
கையில் கழுத்துப்பட்டை. அதை ஏன் கொண்டுவந்தேன்?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி,
என்று காகிதத்தின் பின்புறம் வரைந்து காட்டியிருந்தாள்.
ஓநாய் வருகிறது, எழு, ஓடு
என்று உடம்புக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை.
ஊசி மருந்து அதனிடம் 'போதும்' என்று சொல்லும்.
நல்ல சுரப்பி கேட்டு அடங்கிவிடும்.

வியாழக்கிழமை முடிவு வந்தது.
ஒரு மணிக்கு அடங்கியது
ஐந்து மணிக்கு மறுபடி ஏறியிருக்கிறது.
அந்தச் சுரப்பியில் ஒரு கடுகுக் கட்டி இருக்கலாம்,
குஷிங் நோய் என்றாள்.
எனக்குப் புரிந்தது. இருபது வருடமாக
பொங்கும் மாவைக் குத்தி அடக்கி
அது மீண்டும் எழுவதைப் பார்க்கிறவள் நான்.

அடுப்போரம் தூங்கிய நாய்க்குள்
யாரோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
எத்தனை மாதம்?
எங்கள் முற்றத்தில் ஓநாயின் தடம்கூட இல்லை.
அத்தனை ஓட்டத்துக்கும்தான் அந்தத் தண்ணீர்.
நான் அதை அலமாரி மேல் வைத்தேன்.

குணமாகாது, அடக்கி வைக்கலாம்.
காலைச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை,
பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து.
கட்டியை விழுங்கி மாத்திரையைத் துப்புகிறது.
மறுபடி ஒளிக்கிறேன்.

இன்று இரண்டு லிட்டர் எண்ணூறு.
குறைந்ததா,
இருட்டில் ஊற்றும்போது நான்தான் சிந்தினேனா,
தெரியவில்லை.
எழுதிவிட்டேன்.
வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு கிண்ணம் வைக்கிறேன்,
ஒன்று குளியலறையில்,
அந்தக் குழாயின் அடியில்.