மூடியின் கீல்

நாற்பதாயிரம் முறை திறந்து மூடிப் பார்த்த கீல்
என்னுடையது.
மற்ற பாகங்களுக்கு வேறு வேறு ஆட்கள்.
எல்லோருமாகச் செய்த கருவி
சப்போரோவில், ஷிகெனோபு கடைப் பரணில்
பதினாறு பெட்டிகளாக
இரண்டு பனிக்காலம் கிடந்தது.

ஆட்டங்களும் எங்கள் கம்பெனியே செய்தது:
ஒரு கார் பந்தயம், ஒரு கரடி,
மறுபடியும் அதே கரடி.

பிறகு ஒதாருவில்
சலவைக்கடை மாடியில் மூன்று பேர்,
எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்,
உரிமக் கட்டணத்தைத் தவணையில் கட்டியவர்கள்,
உறைந்த ஏரியில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருப்பதை ஆட்டமாக்கினார்கள்.
அவ்வளவுதான். காத்திருப்பது.
தூண்டில் அசைந்தால் கைப்பிடி லேசாக நடுங்கும்.

வெளியான வியாழக்கிழமை
கடைக்கு முன் வரிசை, தோள்களில் பனி.
நானும் நின்றேன், யாரென்று சொல்லாமல்.
எனக்கு முன்னால்
மீன்சந்தை ரப்பர் பூட்ஸோடு வந்திருந்த பெண்
"அந்த மீன் ஆட்டம் ஒண்ணு" என்றாள்.
"அதைப் போட ஏதோ பெட்டி வேணுமாமே,
அதுவும்."

ஏதோ பெட்டி.
பதினாறும் மத்தியானத்துக்குள் தீர்ந்தன.
பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்குமாம்.
அன்று வீடுவரை மணத்தது.

அடுத்த ஆட்டத்தை மூவரும்
எதிர்க் கம்பெனியின் கருவிக்கு எழுதுகிறார்களாம்.
ஷிகெனோபு பரணைத் துடைத்து வைத்திருக்கிறார்,
எதற்கென்று நான் கேட்கவில்லை.

இரவு மூடியைத் திறந்து
அவர்களுடைய தட்டை வைத்து மூடுகிறேன்.
ஓசையே இல்லை.
நல்ல கீல்.
ஏரியில் துளையிட்டுவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.