தளை தட்டும் இடம்

பகலில் ஹோடலீவ
பற்களுக்குக் கம்பி வளைப்பவள்.
கென்ட் நகரப் பிள்ளைகளில் பாதிப் பேர்
என் எஃகை வாயில் வைத்துக்கொண்டுதான்
முதல் முத்தம் தருகிறார்கள் என்பாள்.

மாலையானால் அதே குறடு,
கொஞ்சம் தடித்த கம்பி.
கார் இல்லாத கார்க் கொட்டகையில்
தரையிலிருந்து உத்தரம்வரை
ஒரு பாதை எழும்பிக்கொண்டிருந்தது.

மாடியில் குடியிருக்கும் எனக்கு
வாடகையோடு சேர்ந்து வந்த சத்தம் அது.
புகார் சொல்லத்தான் முதல்முறை படியிறங்கினேன்.
மூன்று மணி நேரம் கழித்து
சொல்லாமலே ஏறிவந்தேன்.

தையல் மெஷினின் மோட்டார்.
சைக்கிள் சங்கிலி.
சங்கிலியில் வரிசையாய்ப் பற்றவைத்த தேக்கரண்டிகள்
ஆளுக்கொரு கோலிக்குண்டை
உச்சிக்குச் சுமந்துபோய்க் கவிழ்க்கின்றன.
பிறகு இரண்டே கம்பிகள்.
குண்டு தொடுவது இரண்டே புள்ளியில்,
மிச்சமெல்லாம் காற்றில்.

வளைவுகளில் வெளிக்கம்பி
ஒரு மயிரிழை உயர்ந்திருக்கிறது.
எப்படிக் கணக்கிட்டாய் என்றேன்.
உருட்டினேன், விழுந்தது, வளைத்தேன்,
உருட்டினேன், விழுந்தது
என்று சொல்லிக்கொண்டே போனாள்.

செம்புப் புனலுக்குள் இறங்க மனமில்லாமல்
ஒரு குண்டு சுற்றுகிறது, சுற்றுகிறது.
தராசு வாளி
நான்கு குண்டுகளுக்கு அசைவதில்லை.
ஐந்தாவதுக்குத் தலைவணங்கிக் கொட்டுகிறது.
அடியில் மரப்பட்டைகள்:
நேர், நிரை, நிரை, நேர்.
கட்டிலில் படுத்தபடி
அசை பிரித்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வளைவில் மட்டும்
தினமும் ஒரு குண்டு தாவி ஓடி
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்தது.
இரண்டு மாதம் தேய்த்தாள், ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள்,
கண்ணாடிக் குண்டை மாற்றி எஃகுக் குண்டு போட்டாள்.

ஆறு பன்னிரண்டுக்குத் தளை தட்டுகிறது என்றேன்.
அவள் மொழியில் அந்தச் சொல் இல்லை.
தடுக்குகிறது என்று சமாளித்தேன்.

மறுநாள் ஆளுக்கொரு காப்பியோடு காத்திருந்தோம்.
ஆறு பன்னிரண்டு.
பணிமனைக்குத் திரும்பும் இரட்டைப் பெட்டி டிராம்
தெருமுனையில் திரும்பியது.
கோப்பைக்குள் வட்டம் வட்டமாய் நடுக்கம்.
குண்டு தாவியது.

ரப்பர் வைப்பாள் என்று நினைத்தேன்.
எடுத்தாள், அழுத்திப் பார்த்தாள்,
இழுப்பறையில் திரும்பப் போட்டுவிட்டாள்.
மூன்றாம் வளைவுக்கு ஒரு சாண் கீழே
ஒரு குட்டிக் கரண்டி,
அதன் விளிம்பில் சைக்கிள் மணி,
அங்கிருந்து சுவரோரமாய்
இருப்பதிலேயே நீளமான பாதை.
ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டுக்காக
மூன்று வாரம் வளைத்தாள்.

அடிக்குள் அடங்காமல் நிற்கும் சொல்லை
எங்கள் யாப்பு வெட்டி எறிவதில்லை.
கூன் என்று பெயர் வைத்து
உள்ளே சேர்த்துக்கொள்ளும்.
இதையும் சொல்ல முயன்றேன்.
கூன் என்றால் முதுகா என்று
தன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பரில் ஒருநாள் டிராம் வேலைநிறுத்தம்.
மேலே நான் கடிகாரம் பார்த்தபடி.
ஆறு பன்னிரண்டு கடந்தது.
பதின்மூன்று.
ஒரு சீர் பிசகவில்லை.

ஆறு பதினான்குக்கு
கீழே குறடு வைக்கும் ஓசை.
பிறகு, அவள் விரல் நகத்தால் சுண்டிய
சைக்கிள் மணி.