காரணம் என்ற கட்டம்

"தெற்கு முகம் அணைஞ்சாச்சு, காசில்தா,
நாற்பது நிமிஷம்"
வேன் கதவில் சாய்ந்தபடி எலாடியோ கத்துகிறான்.

நாற்பது நிமிஷம் என்றால்
அல்மோந்தே ஆற்றங்கரையில் மூன்று ஊர்களுக்குப்
பேச்சு பாதியில் அறுந்திருக்கும்.
யாரோ ஒருத்தி
எண்ணெய்க் கையோடு முற்றத்துக்கு வந்து
கைப்பேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பாள்,
ஜுரம் இருக்கிறதா பார் என்பதுபோல.

என் நெஞ்சுப் பட்டையில் மஞ்சள் டப்பா.
அலை அளவு மீறினால் கீச்சென்று கத்தும்.
கத்தினால் இறங்கிவிட வேண்டும்,
அதுதான் விதி.
விதி ஏணியில் ஏறுகிறவர்களுக்கு.
முப்பத்தெட்டு மீட்டரைப் பறந்து கடந்தவர்களைப் பற்றி
அதில் ஒன்றும் இல்லை.

கூடு என் கட்டிலைவிடப் பெரிது.
திராட்சைக் கொடி, வைக்கோல், நீலப் பாலித்தீன்,
யாருடையதோ ஒற்றைக் கையுறை.
கூட்டைக் கலைக்கக்கூடாது,
ஆண்டெனாவை நிறுத்தக்கூடாது.
இரண்டு தாளிலும் முத்திரை இருக்கிறது.

நாரை நகரவில்லை.
இதற்குக் குரல் கிடையாது.
அலகோடு அலகு தட்டித்தான் எல்லாம்,
கோபம், வரவேற்பு, கூடல்.
குரலில்லாத ஒன்று
மூன்று ஊர்க் குரல்களின் மேல் உட்கார்ந்து
அடைகாக்கிறது.
அத்தனை தூதும் இதன் வயிற்றுக்கடியில்தான் போகிறது,
ஒன்றுகூட இதற்கில்லை.

போன வருஷம் நான்கு முட்டை. பொரிந்தது ஒன்று.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்:
குளிர். மழை. இரைக்குறைவு. பருந்து.
எதையும் குறிக்காமல் அனுப்பினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.
குளிர் என்று போட்டேன்.
அந்த ஏப்ரலில் நாங்கள்
ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினோம்.

இங்கிருந்து ஃபெர்மினாவின் கார்க் ஓக் தோப்பு தெரிகிறது.
கோபுரத்தைப் பார்த்த பக்கம் மட்டும் காய்ந்து நிற்கிறது ஒரு மரம்,
அடுப்பருகே ஒரு கன்னத்தை மறந்து வைத்தவள்போல.
அலைதான், என்கிறாள் அவள்.
வண்டு, என்கிறார் வேளாண் அதிகாரி.
குன்றுக்கு அந்தப் பக்கம்
கோபுரமே தெரியாத சரிவில்
இன்னும் இரண்டு மரம் அதே மாதிரிக் காய்ந்திருப்பதை
நான் அவளிடம் சொல்லவில்லை.
புகார் சொல்ல அவள் கூப்பிட்டது
இந்தக் கோபுரத்தின் வழியாகத்தான்.
அதையும் சொல்லவில்லை.

"பன்னிரண்டு நிமிஷம்!"

நாரை எழுந்து நின்றது,
எனக்காக அல்ல, காலை மாற்றிக்கொள்ள.
நான்கு முட்டை.
ஒன்றில் மயிரிழை விரிசல்.
போல்ட்டை முறுக்கினேன், கேபிளை இழுத்துக் கட்டினேன்.
பிறகு, ஏன் என்று கேட்காதீர்கள்,
பட்டையிலிருந்து மஞ்சள் டப்பாவைக் கழற்றி
கூட்டின் விளிம்பில்
ஒரு கொடிக்குள் செருகினேன்.

என் பூட்ஸ் தரையைத் தொட்டதும்
எலாடியோ விசையைத் தட்டினான்.
தெற்கு முகம் விழித்தது.
பைக்குள் ஏழு செய்திகள் ஒரேயடியாக அதிர்ந்தன.
"டப்பா எங்கே?"
"விழுந்துடுச்சு."
"அதுக்கும் படிவம் இருக்கு."
அந்தப் படிவத்திலும் இருக்கிறது
அதே கட்டம்.

இருவரும் அண்ணாந்து நின்றோம்.
அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.
"அலை முன்னாலதான் போகும்,
தலைக்கு மேல வெறும் நிழல். கத்தாது, பாரேன்."
காற்று.
சூடு ஆறும் எஞ்சினில் இரும்பு சொடுக்கியது.

அப்புறம் மேலே, மிகச் சின்னதாக,
கீச்.

எலாடியோ என்னைப் பார்த்தான்.
டப்பாவா,
ஓட்டை உடைத்த குஞ்சா?

இன்னொரு கீச்.
இது அதுவா என்று பிடிபடுமுன்
நாரை கழுத்தை முதுகுவரை வளைத்து
தடதடவென்று அலகைத் தட்டத் தொடங்கியது,
பதில் சொல்வதுபோல,
யாருக்கோ.